கை இளக்கும் ஊர்கள்

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை விரிந்து கிடக்கும் இடத்துக்குக் கவளி என்று பெயர். வர்ம ஏடுகளில் அது கவளிக் காலம். பாறசாலை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆசான்மார், மடங்கி மூடிய கையைக் கண்டால் தொட்டுப் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. மணிக்கட்டில் மணிபந்த வர்மம், தோளருகே புஜ வர்மம் என்று விரல் மேலே ஏறிப் போகும். எண்ணெய் தடவி, அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, கையை "இளக்குவது" அந்தத் தொழிலின் சாரம்.

அதே சாலையில் சற்றுத் தள்ளி ஒரு பிசியோதெரபி அறை இருக்கும். அங்கே மூடிய கையைத் திறக்க முயல்கிறவர் உள்ளங்கைப் பக்கமே போவதில்லை. கையைக் குப்புற வைத்து, முழங்கைக்குச் சில விரற்கடை கீழே, முன்கையின் புறப்பக்கத்தில் ஒரு பட்டையும் மணிக்கட்டுக்கு மேலே இன்னொரு பட்டையும் ஒட்டுகிறார். பெட்டியின் குமிழை மெல்லத் திருப்புகிறார். முதலில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு கூச்சம். இன்னும் கொஞ்சம் திருப்பியதும், தொங்கிக் கிடந்த மணிக்கட்டு தானாக எழுகிறது, விரல்கள் பின்னாலேயே விரிகின்றன. வருகிறவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் "கரண்ட் வைக்கிறது".

இரண்டு அறைகளுக்கும் காலம் தாழ்த்தி வந்து சேர்ந்த ஒரு கை உண்டு. மூளை முடக்குவாதத்தோடு பிறந்து, இப்போது முப்பதையோ நாற்பதையோ தொட்டுவிட்டவரின் கை அது. பனையிலிருந்து விழுந்தவனின் கைக்கும், தொழுநோயில் மடங்கிய கைக்கும், பக்கவாதத்தில் சோர்ந்த கைக்கும் இந்த மண்ணில் மருத்துவர்கள் வரிசையாக வந்தார்கள். பிறவியிலேயே மூடிய கை மட்டும் வளர்ந்த பிறகு யாருடைய கணக்கிலும் வராமல் நெடுநாள் கிடந்தது. அந்தக் கையின் கதையைச் சொல்ல, கை வைத்தியத்துக்குப் பேர்போன இந்த எல்லையோர ஊர்களைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

நெய்யாறு 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துச் சரிவில் பிறந்து, நெய்யாற்றின்கரையைத் தொட்டுக்கொண்டு பூவாரில் கடலோடு கலக்கிறது. வர்மக்கலைக்கு ஆதிகுரு அகத்தியர் என்பது ஆசான் மரபின் நம்பிக்கை. மலையும் குருவும் ஒரே பெயரில் நிற்க, ஆற்றின் இரு மருங்கிலும் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசின. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே கோடு விழுந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்பு ஓர் ஆசானின் களரிக்குப் போகிறவர் மாநிலம் தாண்டிப் போகவில்லை, அடுத்த ஊருக்குப் போனார்.

இந்த வட்டாரம் கையை நம்பி வாழ்ந்த வட்டாரம். பாலராமபுரத்தில் தறிக்குழிகள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலராமவர்மா காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்தப்பட்ட சாலியர்களின் தறிகள் அவை. தெற்கே வர வர பனை. ஒரு நாளில் பல பனைகளை ஏறி இறங்குகிறவனுக்கு இரண்டு கையும் இரண்டு காலும்தான் முதல். நாடா எறிகிற கை, பாளை சீவுகிற கை, கயிறு திரிக்கிற கை என்று ஒவ்வொரு வீட்டின் சோறும் விரல் நுனியில் இருந்தது. கை போனால் ஆளே போனதாக எண்ணிய சமூகத்தில் கையைச் சரிசெய்கிறவனுக்கு மரியாதை தனி.

ஆசானின் தொழில் களரியிலிருந்து வந்தது. அடிக்கத் தெரிந்தவனுக்கே அவிழ்க்கவும் தெரிய வேண்டும் என்பது களரியின் விதி. வர்மங்கள் மொத்தம் 108. அவற்றில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. பட்டால் ஆளைச் சாய்க்கும் புள்ளி எது, சாய்ந்தவனை எழுப்பும் அடங்கல் எது என்பதை ஒன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள். மார்த்தாண்டவர்மா 1729-இல் அரியணை ஏறுவதற்கு முன் எதிரிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பலாமரம் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் நின்றது. அந்தக் காலத்துப் படைக்குத் தென்திருவிதாங்கூர்க் களரிகளிலிருந்து ஆள் போனது. வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி 1809-இல் ஒடுங்கிய பிறகு திருவிதாங்கூர்ப் படை கலைக்கப்பட்டது. வாள் பிடித்தவர்களுக்குப் பழைய வேலை இல்லாமற்போனாலும் எலும்பு முறிவும் சுளுக்கும் ஊரில் இருந்துகொண்டே இருந்தன. ஆசானின் வீட்டு முற்றத்தில் சண்டைப் பயிற்சி சுருங்க, திண்ணையில் எண்ணெய் வாசம் பெருகியது.

எண்ணெய்களில் காயத்திருமேனித் தைலம் பெயர் பெற்றது. ஆசான் அதைச் சூடாக்கிக் கையில் ஊற்றித் தடவும்போது பார்க்க வேண்டும். தோளிலிருந்து விரல் வரை ஒரே இழுவையில் வந்து, மணிக்கட்டில் ஒரு கணம் நின்று, உள்ளங்கையைப் பெருவிரலால் வெளிநோக்கித் தள்ளுவார். மூடிய கட்டைவிரலை நுனியைப் பிடித்து இழுப்பது கூடாது, அடிமேட்டைப் பிடித்துத்தான் திறக்க வேண்டும். இன்றைய பிசியோதெரபிஸ்டும் இதையே சொல்வார். நுனியை இழுத்தால் விறைத்த தசை இன்னும் இறுகும், மூட்டு பிசகும். ஏட்டில் எழுதாமல் கையிலிருந்து கைக்கு வந்த அறிவு இது.

கன்னியாகுமரி மாவட்டத்து ஆசான்களோடு பழகி, ரோமன் சீலர் என்ற ஜெர்மானிய மானுடவியலாளர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2015-இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. தாக்குதலும் மருத்துவமும் இந்த மரபில் ஒரே கலையின் இரு முகங்கள் என்பதும், மறைத்துக் காப்பது அந்தக் கலைக்குள்ளேயே ஊறியது என்பதும் அதில் விரிவாக வருகின்றன. மறைப்பு கலையைக் காத்தது. ஆனால் ஓர் ஆசான் பத்து ஆண்டு ஒரு கையை இளக்கியதில் என்ன கிடைத்தது, எங்கே தோற்றது என்பது அவரோடு போயிற்று. இது பெரிய இழப்பு. தோற்ற கதைகளைச் சேர்த்து வைத்திருந்தால் பிறவி முடக்கத்தைப் பற்றி இந்த ஊர்களுக்கு உலகத்துக்கே சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

ஆசானின் கலை அடிபட்டவனுக்காக உருவான கலை. அடி எங்கே விழுந்தது என்று கேட்டுத்தான் சிகிச்சை தொடங்கும். அடியே விழாமல் பிறந்ததிலிருந்து மூடிய கைக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. அதை வாதத்தில் சேர்த்தார்கள். யூகி முனிவரின் பெயரால் வழங்கும் நூல் எண்பது வாதங்களைச் சொல்கிறது. இன்றைய சித்த மருத்துவக் கல்லூரிகளின் குழந்தை மருத்துவத் துறைகள் மூளை முடக்குவாதத்தை அவற்றில் சிரகம்ப வாதத்தோடு ஒப்பிட்டு ஆராய்கின்றன. எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டு முஞ்சிறையில் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் கல்லூரி இருக்கிறது. அந்தப் பெயருக்குள் இன்னும் பழைய நாடு இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லைக்கு இப்பால், கேரளத்தில், ஆசான்களின் நிலை வேறு திசையில் போனது. 1953-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவத் தொழிலர் சட்டம் பதிவு இல்லாமல் வைத்தியம் செய்யக்கூடாது என்றது. பரம்பரை வைத்தியர்கள் பல ஆண்டு வழக்காடினார்கள். பதிவும் அங்கீகரித்த கல்வியும் இல்லாதவர்கள் வைத்தியம் பார்க்க உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. நோயாளியின் பாதுகாப்பு என்ற நோக்கம் சரியானது. ஆனாலும் மலிவாக, வீட்டுக்கே வந்து, நாள்தோறும் ஒரு கையைத் தொட்டுக்கொண்டிருந்த ஒருவரின் இடத்துக்கு வேறொருவரை அனுப்பும் ஏற்பாடு அந்தத் தீர்ப்போடு வரவில்லை.

மருத்துவமனையின் கதை நெய்யூரில் தொடங்குகிறது. லண்டன் மிஷன் சங்கத்தின் முதல் மருத்துவ ஊழியர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-இல் அங்கே வந்தார். அடுத்து வந்த சார்லஸ் லீச் 1854-இல் கடலில் குளிக்கப் போய் மூழ்கி இறந்தார். 1861-இல் வந்த ஜான் லோ, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்றுக்கொடுத்து ஊர்ஊராக அனுப்பத் தொடங்கினார். பாறசாலை அதே சங்கத்தின் மிஷன் நிலையம். ஜான் ஆப்ஸ் அங்கே பணியாற்றினார். பிறகு வந்த சாமுவேல் மெட்டீர் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூல்களை வரலாற்றாசிரியர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். எல்லைக்கோடு இல்லாத அந்த நாளில் நெய்யாற்றின்கரை வட்டத்துக் கிராமத்தவருக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் நெய்யூர்தான்.

1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலக் குழுவில் ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். முதல் உலகப்போரில் சோம் போர்க்களத்துக் கூடாரங்களில் கத்தி பிடித்தவர். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே தெற்கே வந்தார். நெய்யூரில் நோயாளிகள் குவிந்து கிடக்க, அறுவை செய்ய ஒரே ஒருவர் திணறிக்கொண்டிருந்தார். லண்டனில் காத்திருந்த பெரிய பதவியை விட்டுவிட்டு சோமர்வெல் இங்கே வந்துவிட்டார். 1924-இல் மறுபடி எவரெஸ்ட் போய், 28,000 அடி உயரத்தைத் தொட்டுத் திரும்பியதும் நெய்யூருக்கே வந்தார். வயிற்றுப்புண்ணுக்கும் வாய்ப்புற்றுக்கும் அவரைத் தேடித் திருவிதாங்கூர் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

1949-இல் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1961 வரை அறுவை மருத்துவம் கற்பித்தார். தென்னிந்தியாவில் கையைப் பற்றிய சிந்தனை புதிதாகப் பிறந்துகொண்டிருந்த இடம் அது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் திறந்துகொண்டிருந்தார். முன்கையில் நல்ல நிலையில் இருக்கும் ஒரு தசைநாரை எடுத்து, செத்துப்போன தசையின் வேலைக்கு மாற்றி இணைப்பது அவர் வழி. அறுவை முடிந்தால் வேலை பாதிதான் முடிந்தது. இடம் மாறிய தசைக்கு அதன் புதிய வேலையை வாரக்கணக்கில் கற்றுக்கொடுக்க வேண்டும். வேலூர் கற்றுக்கொண்ட இந்தப் பாடம் கை வைத்தியம் முழுவதற்கும் பொருந்தும்.

பிராண்டுக்குக் கீழே பயின்ற மேரி வர்கீஸ் கேரளத்துப் பெண். 1954-இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் திறந்த மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பு. ஊனமுற்ற ஒருவர் நோயாளியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதை அந்த வளாகத்துக்குள் நுழைந்த ஒவ்வொருவரும் தங்கள் கண்ணால் பார்த்தார்கள்.

தென்னிந்தியத் திருச்சபையின் தென்திருவிதாங்கூர் பேராயம் 1959-இல் கன்னியாகுமரி, தென்கேரளம் என்று இரண்டாகப் பிரிந்தது. நெய்யூர் ஒரு பக்கம் போயிற்று. மறுபக்கத்தில், பாறசாலையிலிருந்து உள்ளே போகும் சாலையில், எல்லைக்கு வெகு அருகே காரக்கோணம். அங்கே 2002-இல் எழுந்த மருத்துவக் கல்லூரிக்கு சோமர்வெல்லின் பெயரையே வைத்தார்கள்.

மின்சாரம் மருந்தானது இதைவிட மிகப் பழைய கதை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், கீல்வாதக்காரரின் காலடியில் உயிருள்ள மின்திருக்கை மீனை வைக்கச் சொன்னார். மின்திருக்கை இனங்கள் நம் கரையோரக் கடலிலும் உண்டு. வலையிலிருந்து அதைக் கையால் எடுத்துவிட்டுக் கை மரத்துப்போனவருக்கு லார்கஸ் சொன்னது வியப்பாக இராது. 1791-இல் கால்வானி செத்த தவளையின் காலைத் துடிக்க வைத்ததை வெளியிட்டார். 1831-இல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டுபிடித்தார். பிசியோதெரபி அறைகளில் இன்றும் "ஃபாரடிக்" என்று சொல்வது அவர் பெயரைத்தான்.

அதைக் கையாளக்கூடிய கருவியாக்கியவர் பாரிஸ் மருத்துவர் துஷேன். 1855-இல் வந்த அவருடைய நூல், ஈரமான பஞ்சு முனைகளைத் தோலின்மேல் வைத்து ஒரே ஒரு தசையை மட்டும் சுருங்கவைப்பது எப்படி என்று காட்டியது. அவர் கண்ட ஓர் உண்மை இந்தக் கதைக்கு அச்சாணி. மூளை கெட்டு வரும் முடக்கத்தில் தசை மின்சாரத்துக்குப் பதில் சொல்லும். தசைக்குப் போகும் நரம்பே செத்திருந்தால் சொல்லாது.

பிராண்டின் தொழுநோயாளிக்குக் கத்தி தேவைப்பட்டதும், மூளை முடக்குவாதக்காரருக்குக் கரண்ட் வழிவிடுவதும் இதனால்தான். மூளை முடக்குவாதத்தில் தண்டுவடத்திலிருந்து விரலுக்கு ஓடும் நரம்பு நலமாகவே இருக்கிறது. பழுது மேலே, மூளையில். கையை மூடும் தசைகளுக்கு ஓயாமல் உத்தரவு போகிறது, திறக்கும் தசைகளுக்கு உத்தரவு போய்ச் சேருவதில்லை. அதனால் மணிக்கட்டு உள்ளே வளையும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒளியும். முன்கையின் புறப்பக்கத்தில் ஒட்டிய பட்டை, மேலிருந்து வராத உத்தரவை வழியில் நின்று கொடுக்கிறது. நொடிக்கு 30, 40 துடிப்புகள். ஒவ்வொன்றும் நொடியின் பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நேரமே நீளும். ஒருபக்கத் தசை வேலை செய்யும்போது எதிர்ப்பக்கத் தசை சற்றே தளர்வது உடலின் இயல்பு. மூடும் தசையின் விறைப்பு அந்த நேரத்துக்குக் குறைவது அதனால்.

இந்த நோய்க்கு முகம் கொடுத்தவர் லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில். தாமே கால் வளைந்து வளர்ந்தவர். கடினமான பேறுகாலத்துக்கும் குழந்தையின் விறைத்த கைகால்களுக்கும் உள்ள தொடர்பை 1861-இல் மகப்பேறு மருத்துவர்களின் அவையில் எடுத்துரைத்தார். மருத்துவர் ஆஸ்லர் 1889-இல் இதைப் பற்றித் தனி நூல் எழுதினார். மனப்பகுப்பாய்வுக்குப் போகுமுன் நரம்பு மருத்துவராயிருந்த ஃபிராய்ட் 1897-இல் எழுதிய நூலில், பழுது பிறப்புக்கு முன்பே கருவில் தொடங்கியிருக்கலாம் என்றார். மூவரும் பேசியது குழந்தையைப் பற்றி. குழந்தை நோய் என்ற முத்திரை அப்போதே விழுந்துவிட்டது.

நடக்கும்போது தொங்கும் பாதத்தைச் சரியான நொடியில் மின்துடிப்பால் தூக்கிவிடும் கருவியை லிபர்சன் 1961-இல் காட்டினார். கையைத் திறக்கும் மின்கட்டை லாங்கும் மாசியரெல்லியும் 1963-இல் வெளியிட்டார்கள், கழுத்துத் தண்டுவடம் முறிந்தவர்களுக்காக. மூளை முடக்குவாதத்துக் கைக்கு இது வந்து சேர இன்னும் முப்பது ஆண்டு ஆயிற்று. 1990-களில் அமெரிக்க பிசியோதெரபிஸ்ட் ஜூடி கார்மிக், குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் கொடுத்து, கை திறக்கும் கணத்தில் பொம்மையைப் பிடிக்கச் செய்தார். 2000-இல் ரைட்டும் கிரனட்டும் 8 குழந்தைகளுக்கு ஆறு வாரம், தினமும் 30 நிமிடம் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளைத் தூண்டினார்கள். மணிக்கட்டைத் தாமாக நிமிர்த்துவதிலும் கைவேலையிலும் முன்னேற்றம் தெரிந்தது. 2006-இல் வந்த ஓசர் குழுவினரின் ஆய்வில் 24 குழந்தைகள். கரண்ட் மட்டும், கைக்கட்டை மட்டும், இரண்டும் சேர்ந்து என்று மூன்று வகை. சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு நல்ல பலன். நிறுத்தியதும் சில மாதத்தில் அது கரைந்துபோனது.

இந்தக் கடைசி வரி கசப்பானது, அதனால்தான் முக்கியமானது. கரண்ட் கையைக் குணப்படுத்துவதில்லை. திறந்து காட்டுகிறது. திறந்திருக்கும் அந்தப் பத்து நொடியில் கை எதையாவது பிடித்துப் பழகினால் கொஞ்சம் தங்கும். படுத்துக்கொண்டு அரைமணி நேரம் கரண்ட் வாங்கிவிட்டு எழுந்து போனால் மறுநாள் கை பழைய கைதான். ஆசானிடம் போன வீடுகளுக்கு இது தெரியும். ஒருநாள் தடவலால் இளகிய கை யாருக்கும் இல்லை.

வளர்ந்தவருக்கு இன்னொரு தடை உண்டு. இருபது முப்பது ஆண்டு மடங்கியே இருந்த தசைநார் குட்டையாகிவிடும். மூட்டு அந்த வளைவிலேயே இறுகிப்போனால் எந்தக் கரண்டும் நிமிர்த்தாது. அப்போது அறுவைதான். மணிக்கட்டை உள்ளே வளைக்கும் தசைநாரை வெளிப்பக்கம் மாற்றி இணைக்கும் முறையை வில்லியம் கிரீன் 1942-லேயே சொல்லிவிட்டார். மற்றவர் பிடித்து நிமிர்த்தினால் நிமிர்கிற மணிக்கட்டாக இருந்தால் கரண்டுக்கு இடமுண்டு. வலிப்பு வருகிறவர்களும் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பட்டை ஒட்டக்கூடாது. பெரியவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகள் மிகக் குறைவு. குழந்தைகளிடம் கண்டதையும் பக்கவாதக்காரர்களிடம் கண்டதையும் சேர்த்துப் பார்த்தே இன்று பெரியவர்களுக்குக் கரண்ட் வைக்கிறார்கள்.

ஏன் குறைவு? பெரியவர் ஆய்வகத்துக்கு வருவதில்லை, அவரை யாரும் கூப்பிடுவதுமில்லை. பம்பாயில் மிது அலூர் 1972-இல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கியது தம் மகள் மாலினிக்குப் பள்ளி கிடைக்காததால். சென்னையிலும் பிற நகரங்களிலும் இத்தகைய பள்ளிகள் பின்னால் எழுந்தன. மாலினி சிப் வளர்ந்து, இங்கிலாந்தில் பட்டம் பெற்று, 2011-இல் தம் வாழ்க்கையை நூலாக எழுதினார். 'ஒன் லிட்டில் ஃபிங்கர்' என்பது தலைப்பு. ஒரே ஒரு சிறு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தட்டி எழுதிய புத்தகம் அது. கையின் பயன் என்றால் என்ன என்று மருத்துவர்கள் அளவுகோல் வைத்துத் தேடுகிறார்கள். ஒரு விரல் தன் இஷ்டப்படி அசைந்தால் ஒரு புத்தகம் எழுத முடியும் என்று அவர் காட்டிவிட்டார்.

சட்டம் படிப்படியாக வந்தது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் மூளை முடக்குவாதத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகை ஊனங்களில் ஒன்றாக வைத்தது. நெய்யாற்றின்கரை வட்டத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்னும் மகளிர் இயக்கமும் உள்ளாட்சியும் சேர்ந்து நடத்தும் பட்ஸ் சிறப்புப் பள்ளிகளில் முதலாவது 2004-இல் வெங்ஙானூரில் திறந்தது. சமூகச் சீர்திருத்தவாதி அய்யன்காளி பிறந்த ஊர் அது. ஊரின் வாசலிலேயே ஒரு பள்ளி வேண்டும் என்று தொடங்கிய அந்த ஏற்பாடு, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று பட்ஸ் மறுவாழ்வு மையங்களாகவும் விரிந்தது. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள், அவர்களில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களும் உண்டு. 18 முடிந்தால் கதவு சாத்தும் வழக்கத்தைக் கிராமப் பஞ்சாயத்துகள் உடைத்தது சாதாரணக் காரியமில்லை. ஆனால் கைக்கு நாள்தோறும் பயிற்சி தரும் ஒருவர் எல்லா மையத்திலும் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரை வளர்ந்த பிள்ளையின் கையை இளக்குகிறவர் வீட்டில் இருக்கும் அம்மைதான், அவருடைய கைக்கும் வயதாகிறது.

பிசியோதெரபி அறையில் அரைமணி முடிகிறது. பட்டையை உரித்தால் தோலில் சதுரமாக ஒரு சிவப்புத் தடம், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். உடனே எழுந்திருக்க விடக்கூடாது. மேசையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறார்கள், வெறும் டம்ளர். மூடும் கையால் அதைப் பிடிக்க வேண்டும். முதல் தடவை விரல்கள் டம்ளருக்கு முன்பே மூடிக்கொள்கின்றன. சிகிச்சையாளர் மணிக்கட்டுக்கு அடியில் தம் கையை வைத்துத் தாங்குகிறார், கட்டைவிரலை அடிமேட்டில் பிடித்து விலக்குகிறார், காயத்திருமேனித் தைலத்தோடு ஆசான் பிடித்த அதே இடம். இரண்டாவது தடவை டம்ளர் உருண்டு தரையில் விழுந்து ஓசையிடுகிறது. எடுத்து வைக்கிறார்கள். மூன்றாவது தடவை விரல்கள் விளிம்பைச் சுற்றுகின்றன. டம்ளர் மேசையிலிருந்து இரண்டு விரற்கடை உயர்கிறது. நல்ல கை தண்ணீர்ச் செம்பை எடுத்து, சிந்தியபடியே, அதில் ஊற்றத் தொடங்குகிறது.